இரண்டு பேர் உட்காரும் வண்டி

1

நேற்று பிற்பகல் எங்கள் ஊர்ப் பேருந்து மண்டியிட்டது. எனக்குக் கோபம் வந்தது.

அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. தெற்கு ஜெர்மனியில் நான் குடியிருக்கும் இந்தச் சிறு நகரத்தில், நிறுத்தத்தில் தள்ளுவண்டியோடு ஒரு தாய் நின்றால் ஓட்டுநர் ஒரு பொத்தானை அமுக்குவார். பேருந்து பெருமூச்சு விட்டபடி அவள் பக்கம் சாய்ந்து நடைபாதை மட்டத்துக்கு இறங்கும். அவள் வண்டியை உள்ளே உருட்டிக்கொண்டு போவாள். நேற்று ஏறியவள் இருபத்தைந்து வயதுக்காரி. இரட்டை வண்டி, அதில் இரண்டு குழந்தைகள். ஏறும்போது கைப்பேசியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தவில்லை. யாருக்கும் நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

நான் முறைத்திருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த என் மகள் நிலா என் கையைக் கிள்ளினாள். ஒன்பது வயது. "அந்த அம்மாவை ஏன் அப்படிப் பார்க்கிறாய்?" என்று ஜெர்மனில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன். "மெதுவாகப் பேசு" என்றாள், அதையும் ஜெர்மனிலேயே. என் தமிழ் அவளுக்கு இப்போதெல்லாம் பொது இடத்தில் சத்தமாகத்தான் கேட்கிறது.

என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்து நாங்கள் வந்து எட்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரகடத்தில், வாகனங்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றவள் நான். நாங்கள் கட்டிய வயர்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலேறிப் போகும். எந்த நாட்டில் எந்த வண்டிக்குள் போகிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நேற்று மண்டியிட்ட அந்தப் பேருந்தின் பொத்தானுக்குப் போகிற வயரை நானோ என் பக்கத்து டேபிள்காரியோ சுற்றியிருக்கக்கூடும். அதை நினைத்தபோதுதான் கோபம் இன்னும் ஏறியது.

ஏன் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

என் தங்கை ரேவதி, இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவில் வாடகைக்கு இருக்கிறாள். நாங்கள் பிறந்த தெருவும் அதுதான். செல்போன் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மூத்தவன் கவின், இரண்டு வயது முடியவில்லை. இரண்டாவது பெண் குழந்தை. நான் இங்கே தள்ளுவண்டி வாங்கக் கடைக்குப் போன அன்று அவள் பிறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பெயர்கூட வைக்கவில்லை, பாப்பாதான்.

கம்பெனியில் நிரந்தர ஆட்களுக்குப் பிரசவ விடுப்பு உண்டு. ரேவதிக்குக் காண்ட்ராக்டர் சொன்ன விடுப்புதான். இரண்டு மாதம் முடிந்ததும் வந்து கார்டு போட வேண்டும், இல்லையென்றால் கார்டைத் திருப்பிக் கொடுத்து வேலையை விட்டுவிட வேண்டும். அவள் கணவன் குமார் ஒரகடத்தில் ஒரு கிடங்கில் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட். எங்கள் அம்மா வேறொரு கம்பெனியின் கேண்டீனில் காய் நறுக்கப் போகிறாள், அவள் விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். அப்பா இல்லை. ஆகவே காலை ஷிப்டுக்குப் போகும் முன் ரேவதி இரண்டு குழந்தைகளையும் மேரி அக்கா வீட்டில் விட வேண்டும். மேரி அக்கா நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர். ஷிப்டுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார். அங்கே விட்டுவிட்டு, திரும்ப இந்தப் பக்கம் வந்து கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். கவின் ஒருவன் இருந்தவரை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். இப்போது இரண்டு. அதுவும் வயிற்றில் தையல் போட்ட உடம்பு.

"அக்கா, அங்க ரெண்டு புள்ளைங்கள வச்சுத் தள்ற வண்டி கீதுல்ல, அதுல ஒண்ணு வாங்கினு வாயேன்" என்றாள் போனில். இதுவரை என்னிடம் எதையும் கேட்காதவள். சாக்லெட், சென்ட் என்று உறவில் எல்லோரும் பட்டியல் சொல்வார்கள், இவள் சொன்னதே இல்லை. இந்த ஒன்றைக் கேட்டாள், வேலைக்குப் போவதற்காகக் கேட்டாள்.

கேட்டதோடு ஒரு விவரமும் சொன்னாள். "பெருசா வேணாம்க்கா. மடக்குற மாதிரி. ஒரு கையில தூக்குற மாதிரி இருந்தா போதும்."

கடையில் இரட்டை வண்டிகளுக்கென்றே ஒரு பகுதி. பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் வகை, முன்னும் பின்னும் உட்காரும் வகை. முன்பின் வகையில் வண்டி ஒல்லியாக இருக்கும், சந்து பொந்தெல்லாம் நுழையும். ஆனால் பின்னால் இருக்கும் குழந்தை வழியெல்லாம் முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பக்கத்துப் பக்கம் வகை அகலம், உறுதி. ஒருபுறம் மெத்தை மாதிரி முழுக்கச் சாய்த்துப் பச்சைக் குழந்தையைப் படுக்க வைக்கலாம். குடை மாதிரி மடங்கும் லேசான வண்டிகளும் இருந்தன. ஒரு கையில் தூக்கிப் பார்த்தேன், வந்தது.

விற்பனைப் பெண் வேண்டாம் என்றாள். "பிறந்த குழந்தைக்கு இது கூடாது. இருக்கை முழுக்கச் சாயாது. கழுத்து நிற்கும்வரை மல்லாந்துதான் படுக்க வேண்டும்." சரியான பேச்சுதான். நிலாவைப் பெற்றபோது எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

"உங்கள் குழந்தைகளுக்குத்தானே?" என்று கேட்டாள்.

"ஆமாம், என் குழந்தைகள்தான்."

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். எப்போது பிரசவம் ஆனது, உடம்பு தேவலையா என்று விசாரித்தாள். பிறகுதான் எனக்கு உறைத்தது. தங்கை பிள்ளைகளுக்கு நான் பெரியம்மா, பெரியம்மாவும் அம்மாதான் என்பதை என் ஜெர்மனில் சொல்லி முடிப்பதற்குள் அவள் கணினியில் வேறு எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கேள்விகள். வீட்டில் படிக்கட்டு உண்டா? லிஃப்டின் கதவு எவ்வளவு அகலம்? தினமும் பேருந்தா, நடையா? காட்டுப் பாதையா, கல் பாவிய தெருவா? இங்கே எல்லாவற்றுக்கும் கேள்வி உண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம் உண்டு. நான் கண்ணை மூடாமலே எங்கள் வழியைப் பார்த்தேன். தெருவிலிருந்து இறங்கினால் சர்வீஸ் ரோடு. எதிரே நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பில் ஒரு திறப்பு. இரண்டு பக்கமும் பார்த்துக் குறுக்கே நடந்தால் டீக்கடை, அடுத்த சந்து மேரி அக்கா வீடு. எல்லாம் சமதரை.

"படிக்கட்டே இல்லை" என்றேன்.

அகலமான வண்டியை எடுத்தேன். பெரிய சக்கரம், காற்றடித்த டயர், சிவப்புத் துணி. ரேவதிக்குப் படம் அனுப்பினேன். "நல்லாத்தான் கீது. வெயிட்டாக்கா?" என்று கேட்டாள். "நீ சும்மா இரு, இங்க எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க, பாப்பாவுக்குக் கழுத்து முக்கியம்" என்று அடக்கிவிட்டேன். வெளிநாட்டில் இருக்கிறவளுக்கு வண்டியைப் பற்றித் தெரியும் என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

ஊருக்குக் கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பெட்டியை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வைத்தேன். இரண்டாம் நாளே கதவில் ஒரு தாள். பொதுவழியில் பொருள்கள் வைக்கக் கூடாது, விதி இது, அகற்றாவிட்டால் அப்புறப்படுத்தப்படும். எதிர்வீட்டுக் கிழவர் என்னைத் தினமும் பார்த்து வணக்கம் சொல்கிறவர், வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறார். மூன்று மாடி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது முதல்முறையாக அதன் கனம் தெரிந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

3

விமான நிலையத்தில் சுங்க மேசையில் ஒரு பெண் அதிகாரி பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படத்தைப் பார்த்தார். படத்தில் இரண்டு வெள்ளைக் குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி கீது. குழந்தைங்க எங்கம்மா?"

"வீட்ல இருக்காங்க மேடம்."

"யாரு குழந்தைங்க?"

"என் குழந்தைங்கதான்."

கடவுச்சீட்டைப் புரட்டினார். நிலாவை ஏற இறங்கப் பார்த்தார். "இது ஒண்ணுதானே இருக்கு. இந்தப் பாப்பா இதுல உக்காருமா?" நிலா எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"என் தங்கச்சி பிள்ளைங்க மேடம். ஒண்ணு ரெண்டு மாசம், ஒண்ணு ரெண்டு வயசு."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா. தங்கச்சி புள்ளைன்னா நம்ம புள்ளதானே. போங்க" என்று சீட்டில் முத்திரை குத்தினார். இரண்டு நாட்டில் ஒரே பதிலைச் சொன்னேன், ஒரு இடத்தில்தான் அது செல்லுபடியானது. அந்த ஐந்து நிமிடம் எனக்கு ஊர்ப்பெருமை பொங்கியது. அதிக நேரம் நீடிக்கவில்லை.

4

வந்த மறுநாள் மாலை வண்டியைப் பூட்டி, கவினை ஒரு பக்கம் உட்கார வைத்து, பாப்பாவை மறுபக்கம் படுக்க வைத்து, பெல்ட் போட்டோம். தெருவே வேடிக்கை பார்த்தது. கவின் ராஜா மாதிரி கையை நீட்டி நீட்டிப் பேசினான். ரேவதி தள்ளினாள். தெருமுனைவரை அருமையாகப் போனது.

சர்வீஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. லாரிக்கும் திறந்த சாக்கடைக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கும் இடம்தான். நம் வண்டி இரண்டு ஆள் அகலம். ரோட்டில் இறக்கித் தள்ளினோம், பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. எப்படியோ கடக்கும் இடத்துக்கு வந்தோம்.

திறப்பு இல்லை. என் மார்பு உயரத்துக்குக் கான்கிரீட் சுவர்.

"இங்க கேப் இருந்துச்சே."

"அத மூடி மூணு வருசம் ஆவுதுக்கா. ஆக்சிடென்ட்டு ஜாஸ்தியா ஆவுதுன்னு மூடிட்டாங்க." ரேவதி கொஞ்சம் தள்ளிக் கையைக் காட்டினாள். "இப்ப அதான்."

நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு நடைபாலம். இரண்டு முனையிலும் படிகள் மட்டும்.

நிலா அதற்குள் அருகில் இருந்த மின்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிக்கொண்டிருந்தாள். "என்னாடி தேடற?" என்றாள் ரேவதி.

"பட்டன்" என்றாள் நிலா. இங்கே ஜெர்மனியில் சாலையைக் கடக்கக் கம்பத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கினால் வண்டிகள் நிற்கும். ரேவதிக்கு நான் விளக்கியபோது அவள் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிலா அழுதுவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"படி கீதுன்னு எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே" என்று ரேவதி மேல் பாய்ந்தேன்.

"ஒரு கையில தூக்குறாப்ல வேணும்னு சொன்னேனேக்கா. நீ கேட்டியா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுட்டது. ஆட்டோவில் ஏற்றுவதற்காகக் கேட்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மூடிப்போன ஒரு திறப்பை மனதில் வைத்துக்கொண்டு, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நின்று, படிக்கட்டே இல்லை என்று சாட்சி சொல்லியிருக்கிறேன்.

சரி, என் தப்பு. அதோடு முடித்துக்கொள்ள நான் தயாராக இல்லை. அவள் கேட்ட லேசான வண்டியை வாங்கியிருந்தால் பாப்பாவின் கழுத்துக்கு ஆகாது. கழுத்துக்கு ஆகிற வண்டி படியில் ஏறாது. இரண்டுக்கும் பொருந்துகிற வண்டி உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லை. கடைக்குப் போவதற்கு முன்பே எங்களுக்கு வழி அடைக்கப்பட்டிருந்தது. இந்தச் சாலையின் இரு மருங்கிலும் என்னென்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கார், லாரி, டயர், அச்சு, சக்கரம். புதுக்கார்களை அடுக்கிக்கொண்டு போகிற நீள டிரெய்லர் திரும்புவதற்கு எத்தனை அடி வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்த அகலத்துக்கு ரோடு போட்டிருக்கிறார்கள். ஒரு பள்ளம் இல்லை. கீறல் விழாமல் கார் துறைமுகம் போய்ச் சேர வேண்டும். அந்தக் காரின் வயரைக் கட்டுகிறவளும், செல்போனின் ஸ்கிரீனை ஒட்டுகிறவளும் குழந்தையை வைத்துத் தள்ள ஒரு சாய்தளம் போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பாலம் கட்டியவர் தன் வாழ்நாளில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவராக இருக்க முடியாது.

5

ரேவதி வேலைக்குத் திரும்பிய அன்று காலை நானும் போனேன். வண்டியில் வைத்தே கொண்டு போவது என்று எனக்கு ஒரு வீம்பு. குமார் இரவு ஷிப்டிலிருந்து இன்னும் வரவில்லை. ரேவதி சீருடை போட்டு, கழுத்தில் கார்டு மாட்டி, தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது.

பாலத்தடியில் நின்றோம். குழந்தைகளோடு தூக்குவது எங்கள் இருவரால் முடியாது. இறக்கினால் கவின் ஓடுவான், கீழே லாரிகள். அப்போது பக்கத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேர், நீலச் சட்டை போட்டவர்கள், தாங்களாகவே வந்தார்கள்.

"நவுருங்கக்கா" என்றார் ஒருவர். முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் ஒருவர். குழந்தைகளோடு அப்படியே தூக்கினார்கள். கவின் கைதட்டினான். பாப்பா விழிக்கவேயில்லை. மேலே உருட்டிக்கொண்டு போய், மறுமுனையில் படி படியாக இறக்கி வைத்தார்கள். மூச்சு வாங்கியது அவர்களுக்கு.

"ரொம்ப நன்றிங்க" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"பரவால்லக்கா" என்றார் அவர். பிறகு ரேவதியின் கார்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "டெய்லி இந்த டைமுக்கா வருவீங்க? ஏன்னா எங்களுக்கு அடுத்த வாரம் செகண்ட் ஷிப்ட்டு."

"பாத்துக்கலாம்ணா" என்றாள் ரேவதி.

அவர்கள் தங்கள் பஸ்ஸைப் பிடிக்கப் படியேறி ஓடினார்கள். நாங்கள் மேரி அக்கா வீட்டில் குழந்தைகளை விட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் ரேவதியின் பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போய்ச் சேர்ந்தாள். லேட் என்று கேட்டில் உட்கார வைத்து, அரைநாள் கழித்துத்தான் லைனில் விட்டார்களாம். சூப்பர்வைசர், "குழந்தைய வச்சுகினு எதுக்கும்மா வர்ற" என்று கேட்டாராம்.

இதை என் பெரியப்பா மகனிடம் சொன்னபோது அவனுக்கு நெகிழ்ச்சி தாங்கவில்லை. "பாத்தியா, அங்க மெஷின் தூக்கும். இங்க மனுசன் தூக்கறான். அதான் நம்ம ஊரு." குடும்ப வாட்ஸ்அப்பில் அதையே எழுதினான், கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. அண்ணா, நீயும் படித்துக்கொள். அந்த இரண்டு பேர் தங்கமானவர்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் தங்கை வாரத்துக்கு ஆறு நாள், விடியற்காலையில், முன்பின் தெரியாத ஆண்களின் ஷிப்டைப் பார்த்து வேலைக்குப் போக வேண்டுமா? அவர்கள் வராத வாரம் யார் காலில் விழுவாள்? நல்ல மனசு இருக்கிற ஊர் என்று சொல்லிச் சொல்லியே ஒரு சாய்தளம்கூட இல்லாமல் நம்மை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மண்டியிடும் பேருந்தில் ஒரு மனசும் இல்லை. தினமும் மண்டியிடுகிறது.

அதற்குப் பிறகு நான் இருந்த மூன்று வாரமும் குழந்தைகளை நானே கொண்டுபோய் விட்டேன். வண்டியில் இல்லை. பாப்பாவைத் தோளில் போட்டு, கவினை இடுப்பில் வைத்து, அந்தப் படிகளில். என் முழங்கால் இன்னும் வலிக்கிறது. பிறகு விடுமுறை முடிந்து விமானம் ஏறினேன். ஒரு அக்காவால் அவ்வளவுதான் முடிந்தது.

6

ரேவதி தனியாகச் சில நாள் போனாள். ஒரு மழைநாளில் படியில் கால் வழுக்கி, பாப்பாவைக் காப்பாற்ற முட்டியில் விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரமே கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு அவள் சொல்லவில்லை, அம்மா சொன்னாள். "அழுதாளா?" என்று கேட்டேன். "இல்ல. யூனிபார்ம துவச்சு மடிச்சு வச்சிருக்கா" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் முதன்முதலில் பன்னிரண்டாவது முடித்தவள் அவள். என்னைவிட வேகமான கை. லைனில் அவளைப் பார்த்துத்தான் புதுப் பெண்கள் கற்றுக்கொள்வார்களாம்.

நேற்று அந்தப் பேருந்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அதிர்ந்தது. ரேவதி ஒரு படம் அனுப்பியிருந்தாள். சிவப்பு வண்டி தெருவில் நிற்கிறது. வலது இருக்கையில் ஒரு தண்ணீர் கேன். இடது இருக்கையில், நான் பாப்பாவின் கழுத்துக்காகத் தேடித் தேர்ந்தெடுத்த அந்த மெத்தையில், இன்னொரு கேன். இருபது லிட்டர் கேன் இரண்டும் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்திருந்தன.

கீழே எழுதியிருந்தாள்: "கேன் போடற தம்பி நம்ம தெருவுக்கு வர்றதில்லக்கா. இப்ப நானே போயி எடுத்துனு வந்துடறேன். வண்டி வீணாவல. நீ சொன்னாப்ல பெல்ட்டும் போட்டுட்டேன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு கேனுக்கும் பெல்ட் போட்டு, பூட்டு விழும்வரை அழுத்திவிட்டிருந்தாள்.

நிலா எட்டிப் பார்த்தாள். "சித்தி ஏன் தண்ணியை அதுல வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள், இந்த முறை தமிழில், பேருந்துக்கே கேட்கும்படி.

"தண்ணிக்கடை நம்ம பக்கம்தான் இருக்கு. அதுக்குப் படியேற வேணாம்" என்றேன்.